மலிவு தேடி மலையேறும் உறவுகளுக்கு

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் பல ஆண்டுகள் உழைத்துக் களைத்து, ஓய்வுக்காலத்தைக் குறைந்த செலவில் கழிக்க மலையகத்தை நினைக்கும் தமிழ் உறவுகளுக்கு,

உங்களில் பலர் இப்போது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வருகிற ஓய்வூதியத்தில் வாடகை போனால் கையில் எவ்வளவு மிஞ்சும், அந்த மிச்சத்தை வைத்து எந்த நாட்டில் யாரிடமும் கையேந்தாமல் வாழலாம் என்ற கணக்கு. தாய்லாந்தின் சியாங் மாய், மலேசியாவின் பினாங்கு, போர்த்துக்கல் என்று சுற்றிவிட்டு அது கடைசியில் பிறந்த நாட்டிலேயே வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்து வெயில் இனி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, கொழும்பில் விலை கட்டுப்படியாகாது. நுவரெலியா என்றால் மின்விசிறிகூடத் தேவையில்லை. லீக்ஸும் கரட்டும் கோவாவும் தோட்டத்திலிருந்து நேரே சந்தைக்கு வருகின்றன. கோயில் இருக்கிறது, கடைக்காரர் தமிழ் பேசுகிறார், சமைக்கவும் கூட்டவும் தோட்டம் கொத்தவும் ஆள் கிடைக்கும். ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை பக்கம் போனால் வாடகை இன்னும் குறையும். கணக்கில் பிழை இல்லை. அதில் எழுதப்படாமல் விடுபட்ட ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். நீங்கள் இங்கே காணும் மலிவை ஒருவர் தினமும் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் காணி இல்லாதவரை, உங்கள் வருகையால் அவருக்கு வரவு குறைவாகவும் செலவு கூடுதலாகவுமே இருக்கும்.

முதலில் இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 55 வயது கடந்த வெளிநாட்டவர் இங்கே நீண்டகாலம் தங்குவதற்காக இலங்கை அரசு கொண்டுவந்த 'மை டிரீம் ஹோம்' விசாத் திட்டம், வங்கியில் 15,000 டொலர் வைப்பும் மாதம் 1,500 டொலர் வரவும் கேட்டது. ஒரு வெளிநாட்டு முதியவர் இங்கே தங்க அரசே வைத்த குறைந்தபட்சத் தொகை அது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் மாதம் நாலரை இலட்சம். அதே மலையில் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. 2026 ஜனவரி முதல் அடிப்படை 1,550 என்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் ஊக்கத்தொகை 200 என்றும் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இரண்டையும் சேர்த்து, மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 43,750 ரூபா. உங்களுக்குக் குறைந்தபட்சம் என்று சொல்லப்பட்டது இவருக்குப் பத்து மாதச் சம்பளம். இதிலும் 'முழுப்பேர்' என்பதைக் கவனிக்க வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் 18 கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழைக்காலத்தில் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் தராசில் கழிப்பதைப் பற்றிய சண்டை ஓயாத தோட்டங்கள் உண்டு. அந்த 43,750 இலிருந்து சேமலாப நிதிக்கும் ஒரு பங்கு போகும். கோயில் பணம், சங்கச் சந்தா, கடைக்கடன் எல்லாம் அதற்குப் பிறகு.

மலிவு என்பது மண்ணின் குணமோ காலநிலையின் கொடையோ இல்லை என்பதற்கு 2022 ஆம் ஆண்டே சாட்சி. 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானபோது டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. அந்த ஆயிரம் ரூபா ஏறக்குறைய ஐந்து டொலர். 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபா சரிந்து மே மாதமளவில் டொலர் 360 ஐத் தொட்டது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. அதாவது, ஒரு வருடத்துக்கு முந்திய விலையின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோதுமை மா ரொட்டியை நம்பி வாழும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாவின் விலை ஏறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. சம்பளமோ 2024 செப்டெம்பர்வரை ஆயிரத்திலேயே நின்றது. டொலரில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இலங்கை மலிந்ததும் அந்தச் சரிவில்தான். நாடு மலிந்தது என்று அவர்கள் சொல்வதும் தொழிலாளியின் சம்பளம் கரைந்ததும் ஒரே சம்பவம். பார்க்கும் பக்கம்தான் வேறு.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு நியாயமானதுதான். வெளிநாட்டுப் பணம் வந்தால் ஊருக்கு நல்லதில்லையா? ஓட்டோக்காரருக்குச் சவாரி, கடைக்காரருக்கு வியாபாரம், மேசனுக்கு வேலை, காணிக்கு விலை. உண்மை. நுவரெலியா நகரிலும் ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியும் அந்தப் பணம் புழங்கத்தான் செய்கிறது. ஏப்ரல் வசந்தகாலப் பருவத்தில் குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கூட்டம் வரும் இரண்டு மூன்று வாரங்களை நம்பி வருடம் முழுவதும் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மறுப்பின் முக்கியமான கண்ணி கடைசியாகச் சொன்னதுதான்: காணிக்கு விலை. ஓர் ஊருக்கு வசதியுள்ளவர்கள் குடிவரும்போது வாடகை ஏறும், வாழ்க்கைச் செலவு ஏறும், ஆனால் சொந்த வீடு வைத்திருக்கும் உள்ளூர்க்காரரின் சொத்து மதிப்பும் கூடவே ஏறும். உலகமெங்கும் இதைச் சொல்லித்தான் சமாதானம் செய்கிறார்கள். போர்த்துக்கலில் அந்தச் சமாதானம்கூட எடுபடாமல், வீடு வாங்கினால் வதிவுரிமை என்ற வழியை அரசு 2023 இல் மூடியது. மெக்சிகோ நகரில் 2025 ஜூலையில் வாடகை உயர்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். அங்கெல்லாம் வாடகைக்கு இருந்தவர் தோற்றார், வீட்டுக்காரராவது வென்றார். மலையகத்துத் தோட்டத்தில் இருப்பவர் இந்த இரண்டில் எவருமே இல்லை.

அவர் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுடையது, கம்பனிக்கு 53 வருடக் குத்தகை. லயமும் அந்தக் குத்தகைக்குள் அடங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. குடும்பம் பெருகப் பெருக இஸ்தோப்பை அடைத்து அடுப்படியாக்கியிருப்பார்கள். தகரக் கூரைக்கு மேலே காற்றுக்குப் பறக்காதபடி கல்லோ மண் மூட்டையோ இருக்கும். நான்கைந்து தலைமுறை அதே காம்பராவில் பிறந்து வளர்ந்திருந்தும் அங்கிருப்பவர் உரிமையாளரும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை, சட்டப்படி வாடகைக்கு இருப்பவர்கூட இல்லை. தோட்டத்தில் வேலை செய்வதால் இருக்க அனுமதிக்கப்பட்டவர், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் வருவதால் பக்கத்து நகரில் ஒரு பேர்ச் காணியின் விலை இரண்டு மடங்கானால் அவருக்கு வரவு பூச்சியம். தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்கிப் பிள்ளையை அங்கே குடியேற்றலாம் என்று கொழும்பிலும் குவைத்திலும் வேலை செய்து சேர்த்தவருக்கோ அந்த விலையேற்றம் நேரடி நட்டம். நீங்கள் கொடுக்கும் விலையோடு அவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. இலாபத்தில் பங்கில்லாமல் செலவில் மட்டும் பங்கு கிடைப்பது தோட்ட மக்களுக்குப் புதிதில்லை. உங்கள் ஓய்வுக்காலத் திட்டமும் அந்த வரிசையில் சேரவேண்டுமா என்பதே கேள்வி.

காணி உறுதி இல்லாமை வெறும் சட்டப் பிரச்சினையாகத் தோன்றலாம், அதனால் ஒரு சின்ன விடயத்தைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் வாடகைக்கு எடுக்கப்போகும் வீட்டுக்கு இலக்கமும் வீதிப் பெயரும் உண்டு. கனடாவில் இருக்கும் மகள் அனுப்பும் பொதி வாசலுக்கு வரும். லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்துவந்தால்தான் உண்டு. வேலைக்கான நேர்முக அழைப்பும் வங்கிக் கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கலாம். தோட்டத்துப் பாதையைத் திருத்தப் பிரதேச சபை பணம் செலவழிக்கவே சட்டம் தடையாக இருந்தது, 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. பழைய பங்களாக்களோ இதற்கிடையில் நல்ல விலை போகும் விடுதிகளாகிவிட்டன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்களில் ஓர் இரவு தங்கக் கொடுக்கும் பணம் கீழே லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம். கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே நட்சத்திர விடுதியாக நிற்கிறது. நல்ல கட்டடம், நன்றாகவே பராமரிக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டக் காணியை வேறு பயனுக்கு மாற்ற வழி உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி. விருந்தினருக்காக மாற்ற முடிந்த காணியைக் குடியிருப்பவருக்காக மாற்ற மட்டும் ஏன் இத்தனை பத்தாண்டுகள்?

'நாங்கள் என்ன கோடீசுவரரா?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. 1983 க்குப் பிறகு உடுத்த துணியோடு போனவர்கள் நீங்கள். உணவகத்தில் கோப்பை கழுவியும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். இன்று அந்த நகரங்களிலேயே வாடகை கொடுத்து முடியாமல்தான் வேறு நாடு தேடுகிறீர்கள். உங்கள் நெருக்கடியை யாரும் சிறிதாக எண்ணக்கூடாது. ஆனால் உங்களை ரொறன்ரோவிலிருந்து தள்ளியது எது என்று யோசித்துப் பாருங்கள். வாழ்வதற்கு வீடு தேடியவரோடு, கையில் பெரிய பணத்தோடு வந்தவர் போட்டியிட்டதுதானே? அங்கே நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்களோ அந்தப் பக்கத்தில்தான் இங்கே மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் ஒரு தலைமுறை நிற்கிறது. மலை ஏறியதும் நீங்கள் மறுபக்கம் மாறிவிடுகிறீர்கள். உங்கள் ஓய்வூதியம் சிறியதாக இருப்பது அந்த இடமாற்றத்தை இல்லாமல் செய்துவிடாது.

சில நூறு பேர் வந்து என்ன ஆகிவிடப்போகிறது என்பது இன்னொரு பதில். சமவெளியில் அது சரியாக இருக்கலாம். மலையில் குடியிருக்கத்தக்க தனியார் காணி மிகக் குறைவு. ஒருபுறம் கம்பனித் தோட்டம், மறுபுறம் பீதுருதாலகாலை போன்ற காடுகள், மிச்சத்தில் பாதி சரிவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், போக வேறு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் இடிந்தன. நாடளாவிய உயிரிழப்பு 600 ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு மலையில் பாதுகாப்பான மட்டக் காணி என்பது முன்னைவிட அரிய பொருள். வெளியேற்றப்பட்ட குடும்பங்களை எங்கே குடியேற்றுவது என்ற கேள்வியும், நல்ல காட்சி தெரியும் இடத்தில் ஓய்வு வீடு எங்கே கட்டலாம் என்ற கேள்வியும் ஒரே துண்டுக் காணியைக் குறித்துக் கேட்கப்படுகின்றன. எல்லவைப் பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலமும் சில தேநீர்க் கடைகளுமாக இருந்த ஊரில் இன்று விடுதிப் பலகைகளுக்கிடையே மலையைத் தேடவேண்டியிருக்கிறது. பெருங்கூட்டம் முதலீடு செய்து நடந்த மாற்றமன்று அது. ஒவ்வொருவராக, 'நான் ஒருவன்தானே' என்று வந்ததன் தொகை.

'நாமும் தமிழர், அந்நியரா?' என்பது மிகவும் உருக்கமான மறுப்பு. அதற்குச் சட்டரீதியான பலமும் உண்டு. 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது, 99 வருடம்வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதாவது, இந்த மலையில் பிறக்காத உங்களுக்கு உறுதி எழுத ஒரு படிவம் போதும், இந்த மலையைத் தேயிலையாக்கியவரின் பேரப்பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. 1948 இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபோது தமிழ்த் தலைமை ஒருமித்து நிற்கவில்லை. அந்தப் பிளவிலிருந்துதான் 1949 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரில் பெரும்பாலானோரை இரு நாடுகளுக்கிடையே பங்கு போட்டது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. மொழியுறவு உண்மையான உறவுதான். ஆனால் அது காணிக்கு ஈடாகாது என்பதை இந்த வரலாறு தெரிந்தவர்களிடம் வாதாடத் தேவையில்லை. உடல் தேறவும் சிக்கனமாக வாழவும் இந்தக் குளிருக்கு முதலில் வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். காய்ச்சலிலிருந்து தேற வந்த சாமுவேல் பேக்கர் 1848 இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் இறக்கி நுவரெலியாவில் ஒரு குட்டி ஆங்கிலக் கிராமத்தையே அமைக்கப் பார்த்தார். குளிரை அவரும் மெச்சினார்.

அப்படியானால் வராதே என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. நீங்கள் வராவிட்டால் கொழும்புப் பணக்காரர் வருவார், வந்துகொண்டும் இருக்கிறார். ஆள் வரவைத் தடுப்பதால் இது தீராது. வருவதற்கு முன் கணக்கைத் திரும்ப எழுதுங்கள் என்கிறேன். வீட்டு வேலைக்கு இந்த நாட்டில் சம்பளச் சபை கிடையாது. 'இங்கே இவ்வளவுதான் கொடுப்பார்கள்' என்று தரகர் சொல்வதுதான் சட்டம்போல் நடக்கிறது. அதை நீங்களும் பின்பற்றினால் உங்கள் மலிவில் பெரும்பகுதி சமையலுக்கு வரும் அம்மாவின் கையிலிருந்து எடுத்ததாகிவிடும். அவருக்குத் தோட்டத்தின் நாட்சம்பளத்துக்குக் குறையாமல் எழுதிக் கொடுங்கள், வார விடுமுறை கொடுங்கள், சேமலாப நிதிக்கு ஈடாக ஒரு தொகையை மாதந்தோறும் அவர் பெயரில் வங்கியில் போடுங்கள். அதற்குப் பிறகும் இலண்டனைவிட இங்கே செலவு குறைவாகவே இருக்கும். காணி என்றால் தனியார் உறுதியுள்ள காணியை மட்டும் பாருங்கள். தோட்டத்தின் ஓரம், லயத்துக்குப் பக்கம், 'பேசி எடுத்துத் தரலாம்' என்று எவர் காட்டினாலும் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். அங்கே மரக்கறிப் பாத்தி போட்டிருக்கும் குடும்பத்திடம் அதைத் தடுக்க ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. கட்டுவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மேலே வெட்டும் மண் கீழே யாருடைய கூரையில் விழும் என்று கட்டுகிறவருக்குத் தெரியும்.

இவை தனியாள் ஒழுங்கு. அதைவிடப் பெரிய ஒன்று உங்களால் முடியும். வடக்கு கிழக்கின் காணிகளுக்காகப் புலம்பெயர் சமூகம் நாடாளுமன்ற வாசல்களில் நின்றிருக்கிறது, உறுப்பினர்களுக்கு எழுதியிருக்கிறது, ஐ.நா.வரை போயிருக்கிறது. மலையகக் காணிக்காக அந்தக் குரலில் பத்தில் ஒரு பங்கும் எழுந்ததில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வீடுகள் மெல்ல எழுகின்றன, உறுதி அதைவிட மெல்ல வருகிறது, லயங்களில் இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள். கம்பனிகளின் குத்தகை 2045 இல் முடிகிறது. அதை நீடிக்கும் பேச்சு அதற்கு வெகு முன்பே மேசைக்கு வரும். அப்போது லயங்களும் அவற்றைச் சுற்றிய குடியிருப்பு நிலமும் குத்தகையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, குடியிருப்பவர் பெயரில், பெண்கள் பெயரும் சேர்த்து, உறுதியாக எழுதப்பட வேண்டும். மலைக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் விசா விண்ணப்பத்தோடு சேர்த்து இந்த ஒரு கோரிக்கையையும் அதே தூதரகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
மலையகத்திலிருந்து ஒருவர்